முந்திரிகைப் படம் போட்ட போத்தல்: தீவகத்து உறவுகளுக்குச் சில வார்த்தைகள்

"முந்திரிகைப்பழத்தில் இருந்து எடுத்த குளிசையாம். சீனி, பிரஷர், இருதயம், மறதி எல்லாத்துக்கும் நல்லதாம். குடிக்கலாமா?"

கடந்த சில வருடங்களாக நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் மண்கும்பானிலும் உறவுகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நீண்டகாலம் மருந்தாளராக வேலை செய்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு போத்தல் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் மகனோ மருமகனோ பாசத்தோடு அனுப்பியது. போத்தலின் மேல் கறுப்பு முந்திரிகைக் குலையின் படம், அதற்குக் கீழே "ரெஸ்வெரட்ரோல்" என்ற பெயர்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட, விஷயத்தை ஒழுங்காக எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். ஏனென்றால் இதில் உண்மையும் இருக்கிறது, மிகைப்படுத்தலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் சிலருடைய உயிருக்கே ஆபத்து வரலாம்.

(வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம்: யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. மற்ற ஊர்களில் முந்திரி எனப்படும் கசுக்கொட்டையை நாங்கள் மரமுந்திரிகை என்போம்.)

ரெஸ்வெரட்ரோல் என்பது என்ன?

ஆடு கடிக்க வந்தால் செடியால் ஓட முடியாது. பூஞ்சணம் பிடித்தால் வைத்தியரிடம் போகவும் முடியாது. அதனால் அல்லாஹ் செடிகளுக்கு வேறொரு பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறான். தமக்கு வேண்டிய மருந்தை அவை தாமே தயாரித்துக்கொள்கின்றன. முந்திரிகைக் கொடியில் பூஞ்சணம் தொற்றும்போதும், கடும் வெயிலின் புறஊதாக் கதிர்கள் படும்போதும் அது சுரக்கும் பொருட்களில் ஒன்றுதான் ரெஸ்வெரட்ரோல்.

வலிகாமத்துச் செம்மண்ணில் முந்திரிகை வைத்திருக்கும் தோட்டக்காரர்களுக்கு இந்தப் பூஞ்சணத்தைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மாரி தொடங்கி ஈரம் ஏறினால் இலையில் வெள்ளை படரும், குலை கெடும். கொடி அதை எதிர்த்துப் போராடுகிறது. அந்தப் போராட்டத்தின் ஒரு ஆயுதம் பழத்தின் தோலில் தங்கிவிடுகிறது. பழத்தின் சதையில் அது மிகக் குறைவு. தோலைத் துப்பிவிட்டுச் சாறை மட்டும் உறிஞ்சுபவருக்கு அதில் பெரிதாக எதுவும் கிடைக்காது.

இந்தப் பொருளை முதலில் பிரித்தெடுத்தவர் ஜப்பானியரான மிச்சியோ தக்காவோக்கா. ஆண்டு 1939. ஆனால் அவர் எடுத்தது முந்திரிகையில் இருந்து அல்ல, அந்நாட்டில் வளரும் ஒரு நச்சுச் செடியின் வேரில் இருந்து. முந்திரிகை இலையில் இது இருப்பது 1976 இல் தெரியவந்தது. அதற்குப் பிறகும் பல வருடங்கள் யாரும் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

புகழ் வந்த கதை

1991 ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில் ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானது. பிரான்ஸ் நாட்டு மக்கள் வெண்ணெயும் கொழுப்பும் நிறையச் சாப்பிடுகிறார்கள், ஆனாலும் அவர்களிடம் மாரடைப்புக் குறைவு, அதற்குக் காரணம் அவர்கள் குடிக்கும் சிவப்பு வைனாக இருக்கலாம் என்று அதில் சொல்லப்பட்டது. அமெரிக்காவில் சிவப்பு வைன் விற்பனை உடனே கூடியது. 1992 இல் இதே கருத்து "லான்செட்" மருத்துவ இதழிலும் வந்தது. அதே வருடம் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைனில் ரெஸ்வெரட்ரோல் இருப்பதைக் காட்டினார்கள். இரண்டு செய்திகளும் ஒன்றாகச் சேர்ந்து, "வைனில் உள்ள மருந்து" என்ற கதை பிறந்தது.

பிறகு ஆய்வுகூடங்களில் இருந்து செய்திகள் வரத் தொடங்கின. 1997 இல் எலிகளின் தோலில் புற்றுக்கட்டி உருவாவதை இது குறைத்ததாக ஓர் ஆய்வு சொன்னது. 2003 இல் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரின் ஆயுளை 70 வீதம் கூட்டியதாக இன்னோர் ஆய்வு வந்தது. 2006 இல், அதிக கொழுப்பு ஊட்டப்பட்ட எலிகள் இதைக் கொடுத்தபோது கூடுதல் காலம் உயிர் வாழ்ந்தன. இளமை மருந்து கிடைத்துவிட்டது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. குளிசைக் கடைகள் முளைத்தன.

ஆனால் அந்த எலிகளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை யாரும் விளம்பரத்தில் போடவில்லை. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளுக்குச் சுமார் 22 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒரு மனிதருக்கு அதே கணக்கைப் போட்டால் நாளுக்கு 1,300 மில்லிகிராமுக்கு மேல் வரும். ஒரு லீற்றர் சிவப்பு வைனில் சராசரியாக இருப்பது 2 மில்லிகிராம் அளவுதான். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 650 லீற்றர். எங்கள் வள்ளங்களுக்கு எண்ணெய் கொண்டுவரும் 200 லீற்றர் பரலில் மூன்று பரலுக்கு மேல்!

2008 இல் இன்னொரு முடிவும் வந்தது. சாதாரண உணவு உண்ட எலிகளுக்கு ரெஸ்வெரட்ரோல் கொடுத்தபோது ஆயுள் கூடவில்லை. இந்தச் செய்தி முதல் செய்தியைப் போலப் பரவவில்லை.

"கொஞ்சம் குடித்தால் நல்லதாம்" என்பவர்களுக்கு

ஐரோப்பாவில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் சிலர் சொல்கிறார்கள், "கூட வேலை செய்பவன் சொல்கிறான், இரவில் ஒரு கிளாஸ் சிவப்பு வைன் இருதயத்துக்கு மருந்தாம்" என்று. மார்க்கம் தடுத்ததை விஞ்ஞானம் அனுமதிப்பது போன்ற ஒரு தயக்கம் அவர்களுடைய பேச்சில் தெரிகிறது.

அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. ரெஸ்வெரட்ரோல் பழத்தின் தோலில் இருக்கிறது. அதற்கு மதுவாகும் வேலை தேவையில்லை. வைனில் உள்ள அளவோ நான் மேலே சொன்ன கணக்குத்தான். மறுபக்கம், அதே கிளாஸில் இருக்கும் அற்ககோல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு பல வருடங்களுக்கு முன்பே வகைப்படுத்திவிட்டது. 2023 ஜனவரியில், உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று கிடையாது என அந்த நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்தது.

மதுவில் மனிதர்களுக்குச் சில பயன்கள் இருக்கலாம், ஆனால் அதன் தீங்கு அந்தப் பயனைவிடப் பெரிது என்ற கருத்தை அல்குர்ஆனின் சூரத்துல் பகராவில் 219 ஆவது வசனத்தில் நாம் ஓதுகிறோம். மார்க்கத்துக்கு விஞ்ஞானத்தின் சான்றிதழ் தேவை என்று நான் சொல்ல வரவில்லை. "விஞ்ஞானம் சொல்கிறது" என்று சொல்லி எங்கள் பிள்ளைகளைக் குழப்புபவர்களுக்கு, விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

மனிதர்களில் சோதித்தபோது

எலியில் வேலை செய்த மருந்துகள் மனிதரில் தோற்றுப்போவது மருந்துத்துறையில் வழக்கமான விஷயம். ரெஸ்வெரட்ரோலுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. விழுங்கினால் குடல் அதை நன்றாகவே உறிஞ்சுகிறது. ஆனால் குடலும் ஈரலும் சேர்ந்து சில நிமிடங்களிலேயே அதை வேறு பொருட்களாக மாற்றிவிடுகின்றன. 2004 இல் 25 மில்லிகிராம் கொடுத்துப் பரிசோதித்தபோது, மாறாத நிலையில் இரத்தத்தை அடைந்தது மிக நுண்ணிய அளவே. ஆய்வுகூடக் கண்ணாடிக் குவளையில் கலங்களின் மேல் நேரடியாக ஊற்றிப் பெற்ற பலனை, வாயால் விழுங்கி எதிர்பார்க்க முடியாமல் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

இத்தாலியில் வைனுக்குப் பெயர்போன கியாந்தி பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட 783 பேரை 9 வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். உணவின் மூலம் யாருடைய உடலில் ரெஸ்வெரட்ரோல் கூடுதலாகச் சேர்கிறது என்பதைச் சிறுநீர்ப் பரிசோதனையால் கண்டறிந்தார்கள். 2014 இல் முடிவு வெளிவந்தது. கூடுதலாகச் சேர்ந்தவர்களுக்கு இருதய நோயோ புற்றுநோயோ குறையவில்லை, ஆயுளும் கூடவில்லை.

நீரிழிவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது இது: உலகில் நடந்த சோதனைகளைத் திரட்டி நடுநிலையாக ஆராயும் கொக்ரேன் அமைப்பு, இரண்டாம் வகை நீரிழிவுக்கு ரெஸ்வெரட்ரோல் பயன்படுமா என்று 2020 இல் பார்த்தது. அவர்களின் தகுதிக்கு உட்பட்ட சோதனைகள் மூன்றே மூன்று. பங்குபற்றியோர் மொத்தம் 50 பேர். இதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது என்று எழுதினார்கள். வேறு சில சிறிய ஆய்வுகளில் அதிக அளவு கொடுத்தபோது சீனியும் பிரஷரும் சிறிதளவு குறைந்தன என்பதும் உண்மை. ஆகவே "பயனே இல்லை" என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். "மருந்துக்குப் பதிலாக இதைக் குடிக்கலாம்" என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

பெரிய மருந்துக் கம்பனிகள் முயற்சிக்காமல் விட்டதாகவும் நினைக்க வேண்டாம். கிளக்சோ ஸ்மித்கிளைன் கம்பனி 2008 இல் 720 மில்லியன் டொலர் கொடுத்து, இதே பொருளை மருந்தாக்க முயன்ற ஒரு சிறு நிறுவனத்தை வாங்கியது. இரத்தப் புற்றுநோயாளர்களிடம் நடத்திய சோதனையில் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதால் 2010 இல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. 2013 இல் அந்த நிறுவனமும் மூடப்பட்டது. இடையில் 2012 இல், ரெஸ்வெரட்ரோல் இருதயத்துக்கு நல்லது என்று ஏராளமாக எழுதிய ஓர் ஆய்வாளர் தன் தரவுகளில் 145 இடங்களில் மோசடி செய்திருந்ததாக அவர் வேலை செய்த கனெக்டிகட் பல்கலைக்கழகமே அறிவித்தது. அத்தனை பணமும் அறிவும் கொண்டவர்களால் மருந்தாக்க முடியாததை, ஒரு போத்தலில் அடைத்து விற்பவர் எப்படி மருந்தாக்குவார்?

இன்னொரு விஷயம். படத்தில் முந்திரிகைக் குலை இருந்தாலும், சந்தையில் உள்ள இத்தகைய குளிசைகளில் பெரும்பாலானவை முந்திரிகையில் இருந்து எடுக்கப்பட்டவை அல்ல. கிழக்காசியாவில் களையாக வளரும் ஒரு செடியின் வேரில் இருந்தே அதை எடுக்கிறார்கள். ஒரு கிலோ கறுப்பு முந்திரிகையில் சில மில்லிகிராம் ரெஸ்வெரட்ரோல் தேறுவதே பெரிய காரியம் என்பதால், பழத்தில் இருந்து எடுப்பது கட்டுப்படியாகாது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

"இயற்கையானதுதானே, குடித்தால் என்ன?" என்று கேட்பார்கள். குடிப்பதில் ஒரு ஆபத்து, விடுவதில் ஒரு ஆபத்து.

முதலாவது: மாரடைப்புக்குப் பிறகு இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின், குளோபிடோகிரெல், அஸ்பிரின் போன்றவற்றைக் குடிப்பவர்கள் எங்களில் பலர். ரெஸ்வெரட்ரோலை அதிக அளவில் சேர்த்தால் இரத்தம் கசியும் தன்மை கூடலாம். வேறு சில மருந்துகளை ஈரல் உடைக்கும் வேகத்தையும் அது மாற்றக்கூடும். நாளுக்கு இரண்டு மூன்று கிராம் குடித்தவர்களுக்கு வயிற்றோட்டமும் குமட்டலும் வந்திருக்கின்றன.

இரண்டாவது ஆபத்துத்தான் தீவகத்தில் நான் கண்டது. நயினாதீவில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், பல வருடமாக நீரிழிவு உள்ளவர். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போய், பிறகு சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்தவர். பிள்ளைகளில் ஒருவர் புத்தளத்தில், இன்னொருவர் வெளிநாட்டில். வெளிநாட்டு மகன் அனுப்பிய குளிசையைத் தொடங்கியவர், "இது இயற்கை, அது கெமிக்கல்" என்று சொல்லி மெட்போமினை விட்டுவிட்டார். கிளினிக்குக்கும் போகவில்லை. இரண்டு மாதம் கழித்துக் காலில் வந்த ஒரு சின்னப் புண் ஆறவில்லை. வாடைக்காற்று நேரம், கடல் கொந்தளிப்பு, படகு ஓடாத நாட்கள். குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்த மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990 க்குப் பிறகு எங்கள் குடும்பங்கள் துண்டு துண்டாகிவிட்டன. கையைப் பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக முடியாத பிள்ளை ஒரு போத்தலை அனுப்புகிறது. பாசம் உண்மையானது. போத்தலில் எழுதியிருப்பதுதான் உண்மையல்ல.

நகரத்தில் இருப்பவர் மருந்தை விட்டுவிட்டால் மயங்கி விழுந்த அரைமணித்தியாலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நெடுந்தீவில் இருப்பவருக்குக் கடலில் மட்டும் ஒரு மணித்தியாலம், அதுவும் படகு இருந்தால். ஆகவே தீவில் இருப்பவர்கள் மற்றவர்களைவிட இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும். சீனி வருத்தம் ஒரே நாளில் காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுக்கும் நாளில் கடல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அப்படியென்றால் முந்திரிகை சாப்பிடக் கூடாதா?

தாராளமாகச் சாப்பிடலாம். நான் குறை சொல்வது குளிசையை, பழத்தை அல்ல. பழத்தில் ரெஸ்வெரட்ரோல் மட்டும் இல்லை. நார்ச்சத்து, பொட்டாசியம், தோலுக்குக் கறுப்பு நிறம் கொடுக்கும் பொருட்கள் எனப் பலவும் சேர்ந்தே இருக்கின்றன. அமெரிக்காவில் சுமார் 1 இலட்சத்து 87 ஆயிரம் சுகாதாரத் துறையினரின் உணவுப் பழக்கத்தைப் பல வருடங்கள் கவனித்த ஓர் ஆய்வு 2013 இல் வெளிவந்தது. புளுபெரி, முந்திரிகை, அப்பிள் போன்றவற்றை முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களிடம் நீரிழிவு வருவது குறைவாக இருந்தது. பழச்சாறாகக் குடித்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. பழம் ஒன்றுதான், சாப்பிடும் விதம்தான் வேறு.

சில நடைமுறை விஷயங்கள்:

சீனி வருத்தம் உள்ளவர்கள் ஒரு நேரத்துக்கு 15 பழம் அளவில் நிறுத்திக்கொள்ளலாம். 100 கிராம் முந்திரிகையில் சுமார் 16 கிராம் சீனி இருக்கிறது. கிளினிக்கில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

தோலோடு மென்று சாப்பிடுங்கள். தோட்டங்களில் பூஞ்சணத்துக்கு மருந்து அடிப்பதால், ஓடும் தண்ணீரில் குலையை நன்றாகக் கழுவிய பிறகு சாப்பிடுங்கள்.

நோன்பு திறக்கும்போது சீனி போட்ட முந்திரிகைச் சாறு வேண்டாம். ஈத்தம்பழம், தண்ணீர், கஞ்சி போதும். பழம் வேண்டுமென்றால் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு சில பழங்கள். நாங்கள் பிளம்ஸ் என்று சொல்லும் உலர்ந்த முந்திரிகையில் 100 கிராமுக்குச் சுமார் 60 கிராம் சீனிதான். வட்டிலப்பத்தில் நாலைந்து போடுவது வேறு, கைநிறைய அள்ளுவது வேறு.

எங்கள் மண்ணில் இருப்பவை

முந்திரிகைக்கு நல்ல தண்ணீரும் ஆழமான மண்ணும் வேண்டும். சுண்ணாம்புக்கல்லும் சவர்த் தண்ணீரும் உள்ள எங்கள் தீவுகளில் அதைச் செய்கை பண்ணுவது கடினம். யாழ்ப்பாணச் சந்தையில் வாங்கிப் படகில் கொண்டுவந்தால்தான் உண்டு. எல்லோராலும் எப்போதும் வாங்க முடியாது. அதற்காகக் கவலைப்படவும் தேவையில்லை.

கச்சானிலும் ரெஸ்வெரட்ரோல் இருக்கிறது. வறுத்த கச்சானில் மிகக் குறைவு. கோதோடு அவித்த கச்சானில் அதைவிடப் பல மடங்கு கூட. நாங்கள் பொழுதுபோக்காக உரித்துச் சாப்பிடும் அவித்த கச்சான் அவ்வளவு அற்பமான பண்டம் அல்ல. அதில் புரதமும் நல்ல கொழுப்பும் இருப்பது ரெஸ்வெரட்ரோலைவிடப் பெரிய நன்மை. உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள்.

இன்னொன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வேலியிலும் கல்மதிலிலும் தானாகப் படரும் பிரண்டை, முந்திரிகையின் சொந்தக்காரன். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். பிரண்டையின் சுருள் பற்றையும் முந்திரிகையின் சுருளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும். 1999 இல் பிரண்டையை ஆராய்ந்தவர்கள் அதில் ரெஸ்வெரட்ரோலையும் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு சில பொருட்களையும் கண்டார்கள். முந்திரிகை முளைக்க மறுக்கும் வரண்ட மண்ணில் அதன் உறவுக்காரன் தண்ணீர் கேட்காமல் வளர்கிறான்!

உம்மம்மாமார் இளந்தண்டின் நாரை உரித்து, எண்ணெயில் வதக்கி, புளி சேர்த்து அரைத்த பிரண்டைத் துவையல் இன்று பல வீடுகளில் மறந்துபோய்விட்டது. திரும்பவும் செய்து பாருங்கள். பச்சையாகத் தொட்டால் கையும் நாக்கும் கடிக்கும், அதனால் நன்றாக வதக்குவதும் புளி சேர்ப்பதும் அவசியம். ஆனால் கச்சானையும் பிரண்டையையும் நான் மருந்தாகச் சொல்லவில்லை. நாளைக்கு யாராவது "பிரண்டைக் குளிசை" என்று விற்க வந்தால் அதற்கும் இதே பதில்தான்.

செய்யக்கூடியவை

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு: குளிசைப் போத்தலுக்குச் செலவழிக்கும் பணத்தில் சீனி பார்க்கும் மெசினும் அதற்குரிய ஸ்ட்ரிப்பும் வாங்கி அனுப்புங்கள். பிரஷர் மெசின் ஒன்று அனுப்புங்கள். வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் "வாப்பா, சீனி எவ்வளவு? கிளினிக் எப்போது?" என்று கேளுங்கள். அதைவிடப் பெரிய உதவி இல்லை.

பெரியவர்களுக்கு: கிளினிக்கில் தந்த குளிசையை வைத்தியரிடம் கேட்காமல் நிறுத்த வேண்டாம். வேறு எதையாவது குடிக்கிறீர்கள் என்றால் அந்தப் போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஏசுவார்கள் என்று மறைக்க வேண்டாம். மாரி தொடங்குமுன் இரண்டு வாரத்துக்கு மேலதிகமாக மருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரமழானுக்கு முன்னர் நோன்பு நேரத்துக்கு மருந்தை எப்படி மாற்றுவது என்று கட்டாயம் கேளுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கு: ஜும்ஆவுக்குப் பிறகு ஊர் அறிவித்தல்களோடு அடுத்த கிளினிக் நாளையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். தனியாக இருக்கும் வயோதிபர்களை யார் கூட்டிப்போவது என்று இளைஞர்களிடம் பொறுப்புக் கொடுங்கள். நெடுந்தீவு வைத்தியசாலையிலும் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிலும் இலவசமாகக் கிடைக்கும் மருந்துகளுக்குப் பின்னால் பல்லாயிரம் நோயாளர்களில் பல வருடம் சோதித்த அனுபவம் இருக்கிறது. போத்தலில் முந்திரிகைப் படம் போட்டவருக்கு அது இல்லை.

நோய்க்கு மருந்து தேடுவது எங்களுக்கு நபிகளார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் காட்டிய வழி. தேடும் இடம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முந்திரிகையைப் பழமாகச் சாப்பிடுவோம், மருந்தை மருந்தாகக் குடிப்போம். அல்லாஹ் எங்கள் தீவகத்து உறவுகள் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும் நீடித்த ஆயுளையும் தருவானாக.